அந்த ‘உஸ்’ சத்தம் யார் குற்றம்?

மாணவர்களே, காதுக்குள் செருகும் இயர்போன் உங்களில் பலரிடம் இருக்கும். இரவில் வீடு அடங்கிய பிறகு அதைக் கைத்தொலைபேசியிலோ பாட்டுக் கருவியிலோ செருகி, ஒரு பாடலைத் தொடங்கி, ஒலியளவை முழுவதும் குறைத்துவிடுங்கள். பாட்டு மறைந்துவிடும். ஆனால் சிலருக்கு மெல்லிய ‘உஸ்’ என்ற இரைச்சல் மட்டும் தொடர்ந்து கேட்கும். பகலில், கொம்தார் பேருந்து நிலையத்திலோ லிட்டல் இந்தியாவின் கடைத்தெருவிலோ அது காதில் விழவே விழாது.

இந்த இரைச்சலைக் கேட்டதும் பெரும்பாலோர் இயர்போன் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். சிலர் அதை வீசிவிட்டு வேறு வாங்குகிறார்கள். இன்னும் சிலர் இரைச்சல் தெரியாதபடி பாட்டின் ஒலியைக் கூட்டிவிடுகிறார்கள். முதலாவது பணத்துக்குக் கேடு, இரண்டாவது காதுக்குக் கேடு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எந்தக் கருவி எவ்வளவு இரைச்சல் தரும் என்ற எண்ணை வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை. அந்த எண்ணைப் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? மின்கடத்திகளுக்குள் எலெக்ட்ரான்கள் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கின்றன. வெப்பம் இருக்கும்வரை இந்த அலைச்சல் நிற்காது. அமெரிக்காவின் பெல் ஆய்வகங்களில் பணியாற்றிய ஜான்சன் என்பவர் இதனால் எழும் மின்னழுத்தத்தை அளந்து காட்டினார். நைக்விஸ்ட் என்பவர் அதற்குக் கணித விளக்கம் தந்தார். இருவரும் சுவீடனில் பிறந்தவர்கள். அவர்களுடைய கட்டுரைகள் 1928இல் வெளிவந்தன. 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உள்ள 1,000 ஓம் மின்தடை ஒன்று, நாம் கேட்கக்கூடிய ஒலி அலைவரிசை முழுவதிலும் சேர்த்து ஏறக்குறைய 0.6 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானாகவே உண்டாக்கும். அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 0 பாகைக்குக் குளிரவைத்தாலும் 5 விழுக்காடுகூடக் குறையாது. ஆகவே இரைச்சலே இல்லாத மின்கருவி உலகில் இல்லை.

பாட்டுக் கருவிக்குள் எண்களாக இருக்கும் இசை மின்னலையாக மாற்றப்பட்டு, ஆம்ப்ளிஃபயர் என்னும் பெருக்கி வழியாக வெளியேறுகிறது. பெருக்கியில் உள்ள டிரான்சிஸ்டர்களும் மின்தடைகளும் தத்தம் இரைச்சலைச் சேர்க்கின்றன. பல கருவிகளில் ஒலியளவைக் குறைக்கும் வேலை பெருக்கிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் சேரும் இரைச்சலை நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் குறைக்க முடியாது. ஒலியளவைக் குறைத்தாலும் ‘உஸ்’ மாறாமல் இருப்பது இதனால்தான்.

அப்படியானால் பெரிய ஹெட்போனில் அது ஏன் கேட்பதில்லை? இங்கே ஒரு சிறு கணக்கு. கருவியின் வெளியீட்டில் 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் இயர்போன் 16 ஓம் கொண்டது, 1 மில்லிவாட் மின்திறனுக்கு 110 டெசிபல் ஒலி தருவது. 16 ஓமில் 1 மில்லிவாட் பாய 0.126 வோல்ட் போதும். 10 மைக்ரோவோல்ட் என்பது அதைவிட 82 டெசிபல் கீழே. 110இலிருந்து 82ஐக் கழித்தால் 28 டெசிபல். அமைதியான அறையில், காதை அடைத்துக்கொண்டிருக்கும் இயர்போனில் 28 டெசிபல் கேட்கும்.

அதே கருவியில் 300 ஓம் கொண்ட, 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் தரும் பெரிய ஹெட்போனைச் செருகுங்கள். அதே 10 மைக்ரோவோல்ட் இப்போது ஏறக்குறைய 2 டெசிபலாகத்தான் ஒலிக்கும். யார் காதுக்கும் எட்டாது. கருவி மாறவில்லை, இரைச்சலும் மாறவில்லை. உணர்திறன் மிகுந்த இயர்போன் அதைக் கேட்கவைத்தது, அவ்வளவுதான். சொல்லப்போனால், உங்கள் இயர்போன் தன் வேலையை நன்றாகச் செய்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் காதின் நலனும் சேர்கிறது. காதை நன்றாக அடைக்கும் இயர்போனை அணிந்தால் பேருந்தின் உறுமல் குறைகிறது, குறைந்த ஒலியிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கிறது. ‘உஸ்’ சத்தம் பிடிக்கவில்லை என்று அதை வீசிவிட்டு, காதை அடைக்காத மலிவான ஒன்றை வாங்குபவர் பேருந்தில் என்ன செய்வார்? ஒலியைக் கூட்டுவார். 28 டெசிபல் இரைச்சல் காதைக் கெடுக்காது. அதிலிருந்து தப்பிக்க நாம் கூட்டும் ஒலிதான் கெடுக்கும். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட வரையறையின்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி வாரம் 40 மணி நேரம் என்பதே எல்லை. சிறுவர்களுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 80இலிருந்து 89க்கு ஏற்றினால் 40 மணி நேரம் 5 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

எந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒலியளவோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் அது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. பழைய திரைப்பாடல்களில் கேட்கும் ஒலிநாடா இரைச்சல் இந்த வகை. இதைக் குறைக்கும் முறையால் புகழ்பெற்ற ரே டால்பி, 1963 முதல் இரண்டு ஆண்டுகள் யுனெஸ்கோவின் ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றி, 1965இல் லண்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஒலியளவை மாற்றியும் இரைச்சல் மாறாமல் இருந்து, பாட்டை நிறுத்திய சில வினாடிகளில் சட்டென்று மறைந்தால், அது பெருக்கியின் இரைச்சல். மின்கலத்தைச் சேமிக்க, கருவி தன் பெருக்கியை அணைத்துவிடுகிறது. கம்பியில்லா இயர்போனில் பெருக்கி இயர்போனுக்குள்ளேயே இருக்கிறது. எனவே கைத்தொலைபேசியை மாற்றிப் பயனில்லை. வெளிச்சத்தத்தை அடக்கும் வசதியை இயக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால், அதிலுள்ள சிறு ஒலிவாங்கிகளும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இயர்போனைக் கழற்றிய பிறகும் காதில் ‘உஸ்’ கேட்கிறதா? அப்படியானால் அது கருவியில் இல்லை, உங்கள் காதில் இருக்கிறது. அது நீடித்தால் தயங்காமல் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

கம்பியுள்ள இயர்போனுக்கு மலிவான தீர்வு ஒன்று உண்டு. கருவிக்கும் இயர்போனுக்கும் நடுவே, மின்தடைகளால் ஆன ‘அட்டெனுவேட்டர்’ என்ற சிறு இணைப்பைச் செருகலாம். அது 20 டெசிபல் குறைப்பதாக இருந்தால் இசையும் இரைச்சலும் சேர்ந்து பத்தில் ஒரு பங்காகும். பிறகு கருவியில் ஒலியளவைக் கூட்டினால் இசை பழைய நிலைக்கு வரும், இரைச்சல் வராது. 28 டெசிபல் 8 ஆகிவிடும். படிவம் 5 இயற்பியலில் வரும் மின்னழுத்தப் பங்கீடுதான் இது. ஓர் எச்சரிக்கை, அந்த இணைப்பைக் கழற்றும் முன் ஒலியளவைக் குறைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் முழு ஒலியும் காதில் இடியாய் இறங்கும். சில இயர்போன்களில் இசையின் தன்மையும் சற்று மாறலாம்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பேச்சு தேவையா, பாட்டு தொடங்கினால் இரைச்சல் மறைந்துவிடுமே என்று சிலர் கேட்கலாம். ஆரவாரமான பாட்டுக்கு அது உண்மை. வீணையில் ஓர் ஆலாபனை மெல்லத் தொடங்கும்போது அது உண்மையில்லை. ஒலிநூல் கேட்பவருக்கும், இரவில் தாழ்ந்த ஒலியில் பாடம் கேட்கும் மாணவருக்கும் அது உண்மையில்லை. தாழ்ந்த ஒலியில் கேள் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் நாம், தாழ்ந்த ஒலியில் கேட்கத் தகுந்த கருவியையும் அல்லவா கொடுக்க வேண்டும்?

அந்த எண்ணை அளப்பது கடினமா? பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கிய 1972இலேயே இன்டெல், ஹியூலட்-பேக்கார்ட் போன்ற நிறுவனங்கள் பினாங்குக்கு வந்துவிட்டன. ஹியூலட்-பேக்கார்டின் அளவைக் கருவிப் பிரிவின் வழிவந்த கீசைட் நிறுவனம் இன்றும் அங்கே இயங்குகிறது. மைக்ரோவோல்ட்டை அளக்கத் தெரிந்தவர்கள் நம் அண்டை வீட்டிலேயே இருக்கிறார்கள். தயாரிப்பாளர்களும் இதை அளக்காமல் இல்லை. பெட்டியில் ஒலியின் வலிமையையும் மின்கலம் தாங்கும் நேரத்தையும் பெரிதாகப் போடுகிறார்கள், இரைச்சலைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. விற்பனைக்கு உதவும் எண் முன்னால் நிற்கிறது.

குளிர்பதனப் பெட்டி எவ்வளவு மின்சாரம் உறிஞ்சும் என்று நட்சத்திர முத்திரை நமக்குச் சொல்கிறது. அதுபோல ‘வெளியீட்டு இரைச்சல் இத்தனை மைக்ரோவோல்ட்’ என்று ஒரு வரி இருந்தால் போதும். மேலே போட்ட கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டு, தன் இயர்போனுக்கு அந்தக் கருவி பொருந்துமா என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குரல் கொடுத்துவரும் இந்த மாநிலத்தில், பொருளைப் பற்றிக் கேள்வி கேட்பது புதிய பழக்கமல்ல.

உங்கள் பள்ளியின் அறிவியல் கழகம் இதைத் தொடங்கலாம். நண்பர்களின் கருவிகளையும் ஓர் உணர்திறன் மிகுந்த இயர்போனையும் அமைதியான அறையில் வைத்து, எதில் இரைச்சல் அதிகம் என்று வரிசைப்படுத்துங்கள். கடைக்குப் போகும்போது பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்வதோடு நிற்காமல், பாட்டில்லாமலும் சற்று நேரம் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் எத்தனை மைக்ரோவோல்ட் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வணிகரைக் கேட்பார், ஆயிரம் பேர் கேட்டால் பெட்டியில் அந்த வரி தானாக வந்துவிடும்.