மசாலைத் தூளும் மாணவர் அறிவும்

தமிழர் அடுக்களையில் உப்புக்கு அடுத்த இடம் மசாலைத் தூளுக்கே உரியது. நாள்தோறும் அதனை உண்ணும் நம் பிள்ளைகள் அதனை அறிந்திருக்கின்றனரா? இவ்வினாவை நம்முள் எழுப்பியது வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும்.

ஆறாம் ஆண்டு மாணவர்க்கு விகிதக் கணக்குக் கற்பிக்கும் பொருட்டு மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, வெந்தயம் ஆகியவற்றைக் கிண்ணங்களில் இட்டு மேசைமீது வைத்தோம். மிளகை அனைவரும் அறிந்திருந்தனர். சீரகத்தையும் சோம்பையும் பிரித்துக் கூறியவர் இருவரே. வெந்தயத்தின் பெயரை ஒருவரும் அறிந்திலர். கடையில் விற்கும் மசாலைப் பொட்டலங்களின் பெயர்களைக் கேட்டபோதோ வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்புவித்தது. அன்று நாமும் அவர்களுடன் நகைத்தோம். வீடு திரும்பிய பின்னரே கவலை பிறந்தது.

நாம் சிறுவராய் இருந்த காலத்தில் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் மசாலை அரைப்பது குடும்பம் முழுவதும் கூடிச் செய்யும் பணி. லயத்து வாசலில் விரித்த பாயில் மல்லியும் மிளகாயும் காயும். கோழி விரட்டுவது பிள்ளைகளின் கடமை. காய்ந்தவற்றை அன்னையார் தனித்தனியே வறுப்பார். வெந்தயம் கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும் என்று எச்சரிப்பார். பின்னர்த் தந்தையார் மூட்டையை மிதிவண்டியில் ஏற்றிப் பத்தாங் பெர்ஜுந்தை மில்லுக்குக் கொண்டு செல்வார். அவ்வூரே 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றது.

எம் அன்னையார் எழுத்தறியாதவர். ஆயினும் அவர் அளவு ஒருநாளும் பிழைத்ததில்லை. இன்றைய நிறுவையில் கூறின், மல்லி 1 கிலோ. மிளகாய் அதிற்பாதி, 500 கிராம். சீரகமும் சோம்பும் மிளகாயில் ஐந்தில் ஒரு பங்காக 100 கிராம் வீதம். மிளகும் மஞ்சளும் 50 கிராம் வீதம். வெந்தயம் 25 கிராம். ஜெராமிலிருந்து வரும் மீனுக்கு வெந்தயம் சற்றுக் கூடும். ஆட்டிறைச்சிக்குப் பட்டையும் கிராம்பும் ஏலமும் சேரும். பிள்ளை பெற்றவளின் பத்தியக் கறிக்கு மிளகாய் குறைந்து மிளகு மிகும். விகிதக் கணக்கை இதனினும் தெளிவாக எந்த நூல் கற்பிக்கும்?

கணக்கு மட்டுமோ? அறிவியலும் இதனுள் உண்டு. வறுப்பதால் ஈரம் நீங்கி மணம் எழுகிறது. மஞ்சளின் நிறமும் மிளகாயின் காரமும் நீரினும் எண்ணெயிலேயே நன்கு கரைவன. அதனாற்றான் மசாலையை எண்ணெயில் வதக்குகிறோம். தூளாக்கியபின் மணம் விரைந்து அகலுமாதலின் மூடிய டப்பாவில் வைக்கிறோம். ஈரம் பட்ட மிளகாயில் நச்சுப் பூஞ்சணம் வளரும்.

வரலாறும் உண்டு. சங்க நூல்களில் 'கறி' என்னும் சொல் மிளகைக் குறிக்கும். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டை அடைந்த பின்னரே நம் நாட்டவர் அதனை அறிந்தனர். நம் 'கறி'யே மலாய் மொழியில் 'காரி' ஆயிற்று. அண்டை வீட்டார் போற்றும் சொல்லின் பொருளை நம் பிள்ளை அறியாதிருத்தல் தகுமோ?

பொட்டல மசாலையை நாம் பழிக்கவில்லை. இரவு வேலை முடித்துத் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் தாயிடம் மல்லி வறுக்கச் சொல்லுதல் அறமாகாது. நம் இல்லத்திலும் பொட்டலம் உண்டு. ஆயினும் வாங்குவோர்க்குப் பொருளறிவு வேண்டும். 2005இல் மிளகாய்த் தூளில் 'சூடான் 1' என்னும் தடைசெய்யப்பட்ட சாயம் கலந்திருந்தமையால் பிரிட்டனில் நானூற்றுக்கும் மேற்பட்ட உணவுப் பொருள்கள் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. நல்ல தூளின் நிறத்தையும் மணத்தையும் அறியாதவர், உறைமேல் உள்ள படத்தையே நம்ப வேண்டியவராவர்.

நம் அச்சம் வேறொன்றும் உண்டு. வழக்கம் மறைந்தால் அதனைச் சார்ந்த சொற்களும் மறையும். புடைத்தல், கொழித்தல், வறுத்தல், சலித்தல் என்பவற்றை அகராதியைக் கொண்டு கற்பிக்கும் நிலை நம் வகுப்புகளில் வந்துவிட்டது. செய்யாத வேலையின் சொல் நாவில் நில்லாது.

ஆதலின் பெற்றோரிடம் வேண்டுவது ஒன்றே. ஆண்டுக்கு ஒரு முறையேனும், பள்ளி விடுமுறையில், பிள்ளைகளை அருகிருத்தி மசாலை கூட்டுங்கள். கால் கிலோ மல்லியாயினும் போதும். மாணவச் செல்வங்களே! பாட்டி கூறும் அளவை ஏட்டில் எழுதி வாருங்கள். பாட்டிக்குப் பாட்டி அளவு மாறும், எதுவும் பிழையன்று. அவற்றைத் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். எம் அன்னையாரின் அளவை நாம் எழுதி வைத்தது அவர் மறைவதற்கு ஓராண்டு முன்னரே. நீங்கள் அவ்வளவு காலம் தாழ்த்த வேண்டா.