கடற்படையில் நிலைப்போர் யார்?

சம்மாந்துறை வயல் சூழ்ந்த ஊர். ஆயினும் கல்முனைக் கடற்கரை எமக்குத் தொலைவன்று; 2013ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஒலுவில் துறைமுகமும் அண்மையிலேயே உளது. கடலருகே வாழும் எமக்கு, கடற்படையின் இளம் அதிகாரிகள் சேவையில் நிலைப்பதும் விலகுவதும் எதனால் என்னும் வினா புறம்பானதன்று.

வினாவின் கனத்தை முதலில் உணர்தல் வேண்டும். கல்லூரிக்கு வெளியூர்ப் பேராசிரியரை அழைத்து அமர்த்தலாம். கப்பற் படைக்கு அவ்வாறு தளபதியை வருவித்தல் இயலாது. இன்றைய லெப்டினன்டுகளுள் ஒருவரே நாளைய தளபதி. இளையோர் விலகின், இருபது ஆண்டுகளின் பின் தலைமை வறிதாகும்.

விலகுதற்குரிய காரணங்கள் யாவை? கடல்வாழ்வு குடும்பத்தைப் பிரிக்கிறது. மேலே செல்லச் செல்லப் பதவிகள் அருகுகின்றன. அவன் கற்ற மாலுமிக்கலையும் பொறியியலும் வணிகக் கப்பலிலும் விலைபோகின்றன. அங்கே ஊதியம் டாலரில் கிடைக்கிறது. டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த பெறுமதி 2022ஆம் ஆண்டு 360ஐ எட்டியபோது, அவ்விழுப்பின் வலிமையைக் கூறவும் வேண்டுமோ! அமெரிக்க அனாபொலிஸ் கடற்படைக் கழகத்தில் பயின்றோர் ஐந்தாண்டேனும் பணியாற்றக் கடமைப்பட்டவர். அத்தவணை முடியும் வேளையில் பலருக்கு இல்லறக் கடமையும் வந்து சேர்கிறது. ஒப்பந்தம் உடலை நிறுத்தலாம், உள்ளத்தை நிறுத்துமா?

உள்ளத்தை நிறுத்துவது நீதியின் மீதுள்ள நம்பிக்கையே என்பது என் கருத்து. எம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று. 1950 டிசம்பர் 9இல் தோன்றிய இலங்கைக் கடற்படை, ஆங்கில மரபில் வளர்ந்தது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1962 ஜனவரியில் படை, பொலிஸ் அதிகாரிகள் சிலரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வெளிப்பட்டது; முன்னாள் கடற்படைத் தலைவர் ரொய்ஸ் டி மெல்லும் குற்றஞ்சாட்டப்பெற்றார். அவ்வதிகாரிகளின் உள்நோக்கங்களை ஆராய்ந்த டொனால்ட் ஹொரோவிட்ஸ் 1980இல் ஒரு நூலே எழுதினார். குற்றஞ்சாட்டப்பெற்றோருட் பெரும்பாலோர் கிறிஸ்தவர். இம்முயற்சியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அதன்பின் படைகளின் அதிகாரி வரிசையில் சிறுபான்மையினர் அருகினர் என்பது மறுக்கவொண்ணாதது. 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் ராஜன் கதிர்காமர் என்னும் தமிழர் என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

விலகுவோனும், சேரவே எண்ணாதவனும் கேட்பது ஒரே வினா: "என் உழைப்புக்கு இங்கு எதிர்காலம் உண்டா?" 1987இல் தமிழும் ஆட்சிமொழியெனச் சட்டமாயிற்று. அச்சட்டம் பயிற்சிக்கூடத்திலும் கப்பற்றளத்திலும் உயிர்பெறல் வேண்டும். கடற்பணிக்கும் கரைப்பணிக்கும் முறையான தவணை வேண்டும். பதவியுயர்வின் அளவுகோல் எல்லோர்க்கும் தெரிதல் வேண்டும். சம்பளத்தில் வணிகக் கப்பலோடு அரசு போட்டியிட முடியாது. நீதியிலோ, முடியும், அதற்குத் திறைசேரியின் பணம் அதிகம் வேண்டியதில்லை.