பழைய ரிப்போர்ட் புத்தகத்தைத் தேடுங்கள்

நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு முன் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "மாமா, படிக்க உக்காந்தா ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மண்டையில ஒண்ணும் நிக்கல. எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. அம்மாகிட்ட சொன்னா, அந்த போன தூக்கி லோங்காங்குல போடு, எல்லாம் சரியாயிடும்ங்கிறாங்க."

அக்கா சொன்ன வைத்தியத்திலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கம் இன்று பல வீடுகளில் இந்தச் சண்டை நடக்கிறது. பிள்ளைகள் டிக்டாக்கைப் பார்த்துவிட்டு "எனக்குக் கவனக்குறைவு நோய்" என்கிறார்கள். பெற்றோர் "உனக்குச் சோம்பேறி நோய்" என்கிறார்கள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று முனீஸ்வரர் கோவிலில் கயிறு கட்டி வந்தவர்களும் உண்டு. டிக்டாக்கை நம்பி முடிவெடுக்க முடியாது என்பதற்குச் சான்று இருக்கிறது. கனடா ஆய்வாளர்கள் இந்தக் குறைபாட்டைப் பற்றி அதிகம் பார்க்கப்பட்ட 100 டிக்டாக் காணொளிகளை ஆராய்ந்து, அவற்றில் 52 தவறான தகவல் தருபவை என்று 2022-இல் எழுதினார்கள். அதற்காக நோயே டிக்டாக்கில் பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கவனம் நிலைக்காத மனிதர்களைப் பற்றி ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-இலேயே எழுதியிருக்கிறார். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவே ஆற்றினார். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதற்குக் 'கவனக்குறைவுக் கோளாறு' என்று பெயர் வைத்தது. பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேருக்கும் பெரியவர்களில் இரண்டு மூன்று பேருக்கும் இது இருக்கும் என்கிறது அதே கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு.

சரி, ஏன் கல்லூரிக்குப் போன பிறகு இந்தச் சந்தேகம் வருகிறது? என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான கேள்வி.

நம் பக்கத்தில் ஹார்வர்டில் படித்தவர்கள் ஏராளம். பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தைத்தான் சொல்கிறேன். முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று மூன்று தமிழ்ப்பள்ளிகளுக்கு அந்தப் பெயர். நானும் அந்த ஹார்வர்டுதான். தோட்டப் பள்ளியில் ஒரு பிள்ளை தவறுவது அவ்வளவு எளிதல்ல. பெரட்டுக்குப் போகும் அம்மா விடியுமுன் எழுப்பிவிடுவார். வாத்தியார் வீடு கூப்பிடு தூரம். மட்டம் போட்டால் பால் நிறுக்கும் நேரத்துக்குள் செய்தி ஸ்டோருக்குப் போய்விடும். கிராணி வீட்டு மாமி வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிறகு இடைநிலைப் பள்ளி. அங்கேயும் மணி, சீருடை, இரவு டியூஷன், எஸ்.பி.எம். என்று யாராவது விரட்டிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளையின் கவனத்தை ஊரே கூடி இழுத்துப் பிடித்திருக்கும்.

கல்லூரியில் அந்தப் பிடி ஒரே நாளில் விட்டுப்போகிறது. 1984-இல் தொடங்கி இப்போது சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா பல்கலைக்கழகமோ, 2001-இல் வந்த ஏய்ம்ஸ்ட்டோ, ஊருக்குள் இருக்கும் சிறு தனியார்க் கல்லூரியோ, எங்கே போனாலும் கதை ஒன்றுதான். முதல் வாரம் கொடுத்த அசைன்மெண்டைப் பருவக் கடைசியில் கேட்பார்கள். நடுவில் யாரும் எழுப்ப மாட்டார்கள், எங்கே போனாய் என்று கேட்கவும் மாட்டார்கள். எதை முதலில் செய்வது, எப்போது எழுந்திருப்பது, எவ்வளவு நேரம் உட்காருவது எல்லாம் பிள்ளையின் தலையில் விழுகிறது. கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்கள் தடுமாறுவதே இந்தத் திட்டமிடும் வேலையில்தான். அறிவுக்கு ஒரு குறையும் இருக்காது. என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரியும், கைதான் தொடங்காது.

என் தலைமுறையில் இப்படிப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? இருந்திருப்பார்கள். விடிகாலையில் கத்தியும் வாளியுமாக நிரைக்குள் நுழைந்து, மரத்துக்கு மரம் ஓடி, நாளுக்கு 400, 500 ரப்பர் மரம் வெட்டும் வேலையில் உட்காருவதற்கே நேரம் கிடையாது. உட்கார முடியாத பிள்ளைக்கு அங்கே சுறுசுறுப்பான ஆள் என்று நல்ல பெயர். கித்தா போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் வந்த பிறகு, எல்லாப் பிள்ளையும் நாற்காலியில் உட்கார்ந்துதான் பிழைக்க வேண்டியிருக்கிறது.

அதற்காகக் கல்லூரியில் தடுமாறுகிற எல்லாருக்கும் இந்தக் கோளாறு என்று ஆகிவிடாது. இதற்கு இரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் எடுத்தும் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவர் கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், ஓயாத பரபரப்புக்கு ஒன்பது. பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் ஆறாவது இருக்க வேண்டும், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும். படிக்கிற இடம், வீடு என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். வாழ்க்கையைக் கெடுக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் டிக்டாக் சொல்வதில்லை. 2018-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சிறு வயதில் இந்தக் கோளாறு இல்லாதவர்களைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தது. பின்னாளில் அறிகுறிப் பட்டியலில் தேறியவர்களைத் துருவிப் பார்த்தபோது, ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. போதைப் பழக்கம், வேறு மனநலச் சிக்கல், அல்லது பாதிப்பே பெரிதாக இல்லை என்று ஏதோ ஒரு காரணம் இருந்தது.

ஆகவே அக்கா மகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "உன் தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட் புத்தகம் எங்கம்மா இருக்கு?"

அலமாரியின் அடியில், சாதகத்தோடும் தடுப்பூசி அட்டையோடும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. மூன்றாம் ஆண்டு. முதல் தேர்வில் கணிதம் 92, அடுத்ததில் 48. பக்கத்தில் ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "கடைசிப் பக்கத்தைத் திருப்பவே இல்லை." நான்காம் ஆண்டில், "கெட்டிக்காரி. வகுப்பில் பராக்குப் பார்க்கிறாள்." ஐந்தாம் ஆண்டில் வேறோர் ஆசிரியர், "வீட்டுப்பாடத்தைத் தொடங்குவாள், முடிக்கமாட்டாள்."

அடுத்த சாட்சி என் அம்மா. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பால்குடிப் பிள்ளைகள் முதல் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் வரை பார்த்துக்கொண்டவர். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டுச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் எங்கள் குடும்பத்தில் இல்லை. "கடைக்குக் கருவேப்பில வாங்கியான்னு அனுப்புவேன். வழியில பூன குட்டி போட்டிருக்கும். கருவேப்பிலையும் வராது, காசும் வராது. ஒத்தக் கால் செருப்போட இவ மட்டும் வருவா" என்றார். அடங்காத பிள்ளையா என்று கேட்டேன். "அய்யோ, இருக்கிற இடமே தெரியாது."

அந்தப் பதில்தான் எனக்கு உறைத்தது. வகுப்பில் மேசை மேல் ஏறிக் குதிக்கிற பையனை எல்லாரும் பார்ப்பார்கள். சன்னலோரம் உட்கார்ந்து எங்கோ போய்விடுகிற பெண் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. பெண்களுக்குப் பெரும்பாலும் இந்த அமைதியான வகைதான், அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. "கோலம் போட உக்காந்தா மூணு மணி நேரம் எழுந்திரிக்க மாட்டா, அதுல மட்டும் கவனம் எங்கேர்ந்து வருது?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். பிடித்த வேலையில் மூழ்கிப்போவதும் இந்தக் கோளாற்றில் வழக்கமாகக் காணப்படுவதே. கவனம் இருக்கிறது, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்பத்தான் முடியவில்லை. அக்காவின் அடுத்த அம்பு, "நானும் சின்ன வயசுல அப்படித்தான் இருந்தேன், நான் நல்லா இல்லையா?" இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி இதில் மரபின் பங்கு ஏறத்தாழ முக்கால். அக்கா மறுப்பாகச் சொன்னதும் சாட்சியமாகத்தான் போயிற்று!

இவ்வளவு இருந்தும் அவளுக்கு இந்தக் கோளாறு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. கவனத்தைக் கெடுக்க வேறு பல காரணங்கள் உண்டு. மனச்சோர்வின் அறிகுறிகளிலேயே ஒன்று மனம் ஒன்றாமை. 13 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறி இருப்பதாகச் சுகாதார அமைச்சின் 2022-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். இரத்தசோகை, தைராய்டு, பதற்றம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தூக்கத்தை அவசியம் பார்க்க வேண்டும். அக்கா மகளின் வகுப்புத் தோழன், பாடாங் செராய்ப் பையன், "எனக்கும் அதேதான் அங்கிள்" என்று வந்தான். விசாரித்தால் வெள்ளி, சனி இரவுகளில் கூலிமில் ஒரு கிலாங்கில் பன்னிரண்டு மணி நேர வேலை, ஞாயிறு காலையில் வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் முன்வரிசை மாணவன், பென்சில் கூடத் தொலைத்ததில்லை. தம்பிக்கு வேண்டியது முதலில் தூக்கம்.

இன்னொன்றை நம்மவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆறு ஆண்டு தமிழில் படிக்கிறோம். மலாய் போதவில்லை என்றால் பெராலிஹான் என்கிற புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு. பிறகு எஸ்.பி.எம். வரை மலாய். கல்லூரியில் திடீரென்று ஆங்கிலம். லெக்சரர் சொல்வதை மனத்துக்குள் மாற்றிப் புரிந்துகொள்வதற்குள் அவர் இரண்டு ஸ்லைடு தாண்டிப் போயிருப்பார். அந்தக் களைப்புக்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்தால் மொழியைச் சரிசெய்யும் வேலை நின்றுபோகும். தமிழில் கதைப் புத்தகம் எடுத்தால் மனம் நிற்கிறதா, ஆங்கிலப் பாடநூலில் மட்டும் நழுவுகிறதா என்று பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. இதற்கு அதிகம் எழுதிக்கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட்டை 1944-இல் சுவிட்சர்லாந்தில் சீபா நிறுவனத்தில் உருவாக்கியவர் லியாண்ட்ரோ பானிசோன். அவருடைய மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அப்படித்தான் ரிட்டலின் என்ற பெயர் வந்தது. தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல பலன் தரும் மருந்து அது. தேர்வுக் காலத்தில் "இதப் போட்டா ராத்திரி முழுக்கப் படிக்கலாம்" என்று நண்பன் நீட்டினால் வாங்காதீர்கள். இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மலேசியச் சட்டத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, மருத்துவர் எழுதித் தராமல் கைமாற்றுவது குற்றம். மருந்தைத் தாண்டியும் வழிகள் இருக்கின்றன. பெரிய வேலையைத் துண்டாக்கித் தேதி போடுவது, கூட ஒருவரை உட்கார வைத்துப் படிப்பது, போனை வேறு அறையில் வைப்பது. (லோங்காங் வரை போக வேண்டியதில்லை.)

அக்கா மகள் இப்போது கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்வந்துவிட்டாள். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன், என் அம்மாவையும்தான். மருத்துவர் என்ன சொன்னாலும் நல்லதே. இருக்கிறது என்றால் அதற்கு வழி உண்டு, இல்லை என்றால் உண்மையான காரணத்தைத் தேடலாம். "சோம்பேறி" என்ற தீர்ப்பில் மட்டும் இரண்டுக்கும் இடமில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீடு மாறும்போது பிள்ளைகளின் ரிப்போர்ட் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிள்ளை சந்தேகம் என்று வந்தால் சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையிலும் அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நாள் கிடைக்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதற்குள் மனம் மிகவும் சோர்ந்துவிட்டால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி, மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி.