தகரக் கூரையும் தொலைபேசி அலையும்: குற்றம் யாருடையது?

தெற்காசியாவிலேயே கையடக்கத் தொலைபேசிச் சேவையை முதன்முதல் ஆரம்பித்த நாடு இலங்கை, ஆண்டு 1989. இதனை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. அதன் பின்னர் தலைமுறைக்குத் தலைமுறை சேவைகள் வந்தன. மலைமுகடுகளில் கோபுரங்கள் எழுந்தன. சேவை நாடெங்கும் பரந்துவிட்டது எனும் பறைசாற்றலும் எழுந்தது. ஆயின், மலையகத் தோட்டமொன்றின் லயன் அறைக்குள் ஓர் இரவு தங்கிப் பார்த்தவர் இப்பறைசாற்றலை அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளமாட்டார். அங்கே தொலைபேசி மனிதனின் சட்டைப்பையில் இருப்பதில்லை. யன்னற் கம்பியில், பொலித்தீன் பையொன்றினுள், அலை கிடைக்கும் ஒரேயோர் இடத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கும். அழைப்பு வந்தால் வீட்டார் எழுந்தோடி வாசலுக்கு வரவேண்டும். மழையாயின் நனைந்துகொண்டே பேசவேண்டும். கையடக்கத் தொலைபேசி எனும் பெயரே அங்கு நகைப்புக்கிடமாகிவிடுகிறது.

இந்நிலைக்குக் காரணம் யாது என வினவினால் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. "உங்கள் கூரை தகரம்; நாங்கள் என்ன செய்வது?" என்பது ஒன்று. "கடையில் பூஸ்டர் விற்கிறார்கள், வாங்கிப் பூட்டுங்கள்" என்பது மற்றையது. முன்னது குற்றத்தைக் கூரையின்மேற் சுமத்துகிறது. பின்னது பொறுப்பைக் குடியிருப்பவன் தலையிற் கட்டுகிறது. இவ்விரு விடைகளும் தவறானவை என்பதும், வீட்டினுள் அலை சென்றடைவது சேவை வழங்குவோரினதும் அரசினதும் கடமையே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் கூரையை நோக்குவோம். உலோகம் நல்ல கடத்தி. வானொலி அலை அதன்மேற் பட்டதும் மேற்பரப்பிலே மின்னோட்டம் தோன்ற, அலை தெறித்து மீள்கிறது. 900 மெகா ஹேர்ட்சு மீடிறனுடைய அலை நாகப் பூச்சினுள் ஊடுருவக்கூடிய ஆழம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு மாத்திரமே. எனவே, எவ்வளவு மெல்லிய தகடாயினும் அலைக்கு அது மதிலே. வீட்டினுள் வந்து சேரும் சிறிதளவு அலையும் யன்னல், கதவு, தகடுகளின் இடைவெளி ஆகியவற்றின் வழியே நுழைந்ததாகும். 10 டெசிபெல் நலிவு என்றால் வலு பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்பது பொருள். 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்கு. வாசலில் மட்டுமட்டாக இருந்த அலை அடுப்படியில் அற்றுப்போவது இதனாலேயே. அலை நலியும்போது தொலைபேசி தன் செலுத்து வலுவைக் கூட்டிக் கோபுரத்தை எட்ட முயல்கிறது. ஆதலால் பற்றரியும் விரைவிலே இறங்கிவிடுகிறது.

இவ்விடத்து மலைநாட்டுக்கே உரிய ஒரு நிலைமை கவனிக்கற்பாலது. சமதரையில் கோபுரத்திலிருந்து வரும் அலை பெரும்பாலும் கிடையாகவே வந்து சுவரையும் யன்னலையும் அடைகிறது. கூரை தகரமாயினும் இழப்பு ஓரளவுக்கே. பள்ளத்தாக்கின் அடியில் லயன்கள் அமைய, கோபுரமோ மேலே முகட்டில் நிற்கும்போது அலை மேலிருந்து சரிந்து வருகிறது. அது முதலில் சந்திப்பது தகரத்தைத்தான். கோபுரம் முகட்டின் மறுபுறத்தில் இருப்பின், முகட்டின் விளிம்பில் வளைந்து வரும் நலிந்த அலையே அவ்வீட்டுக்குக் கிடைக்கும். வன்னியில் 2009இன் பின் மீளக்குடியேறியோர் பலர் தகரக் கொட்டில்களில் வாழ நேர்ந்தது. கூரை மட்டுமன்றிச் சுவரும் தகரமாயின் சமதரை என்பதாலும் பயனில்லை. இரும்புச் சட்டகத்தின்மீது தகரம் அறைந்து கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் இது பொருந்தும். இரவு வேலையில் நிற்கும் தொழிலாளிக்கு வீட்டிலிருந்து ஒரு செய்தி எட்டுவதற்கு அவர் வெளியே வந்தாகவேண்டும்.

"அவ்வாறாயின் குற்றம் கூரையுடையதுதானே?" எனச் சிலர் மகிழலாம். அந்தக் கூரையை அங்கே வைத்தவர் யார்? லயன்கள் பிரித்தானியத் துரைத்தனக் காலத்தில், மிகக் குறைந்த செலவில் மிகக் கூடிய தொழிலாளரை அடைத்துவைக்கும் நோக்குடன் எழுப்பப்பட்டவை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமை கைமாறியது, கூரை மாறவில்லை. குடியிருக்கும் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் காணி உறுதி இல்லை. நிருவாகத்தின் அனுமதியின்றி ஓர் அறையைக் கூட்டிக்கட்ட இயலாதவரிடம் கூரையை மாற்றச் சொல்வது அறியாமை. அறிந்தே சொன்னால் அது கொடுமை. மேலும், எதனால் மாற்றுவது? அஸ்பெஸ்டஸ் தகடு அலையை உள்ளே விடும் என்பது உண்மை. அதன் நார்த்தூசி நுரையீரலை அரிக்கும் என்பதும் அதேயளவு உண்மை. தொலைபேசிக்காக மூச்சை விலைகொடுக்குமாறு எவரும் கேட்கமுடியாது.

இனி, இரண்டாவது விடையாகிய பூஸ்டரை நோக்குவோம். இதன் அமைப்பு எளிது. வெளியே ஓர் அன்ரனா. நடுவிலே ஒரு பெருக்கி. உள்ளே மற்றோர் அன்ரனா. வெளியலையைப் பெருக்கி உள்ளே தருவதும், உள்ளிருந்து செல்லும் அலையைப் பெருக்கி வெளியே விடுவதும் அதன் தொழில். தத்துவத்திலே பிழையில்லை. ஆனால், இரு அன்ரனாக்களுக்குமிடையே போதிய மறைப்பு இல்லையெனில் பெருக்கியின் வெளியீடு மீண்டும் அதன் உள்ளீட்டுக்கே வந்து, கூட்டங்களில் ஒலிபெருக்கி ஊளையிடுவதுபோல் அதுவும் ஊளையிடத் தொடங்கும். அவ்வூளை கோபுரத்தின் செவியை அடைக்கும். ஒரு வீட்டின் நன்மைக்காக வாங்கப்பட்ட கருவி அயலிலுள்ள நூறு வீடுகளின் சேவையைக் கெடுத்துவிடலாம். எனவே, பெயரறியா மலிவுப் பெட்டிகளை வாங்கிப் பூட்டுமாறு நாம் எவருக்கும் கூறவில்லை. சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, வானொலி அலையை வெளிவிடும் கருவியை அனுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்துவது குற்றம்.

இங்குதான் எமது முறைப்பாடு தொடங்குகிறது. கெட்ட கருவியைத் தடுப்பது முறையே. நல்ல கருவிக்கு வழி திறக்காது விடுவது முறையா? ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 2013இல் பாவனையாளர் பூஸ்டர்களுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. வலையமைப்பைக் கெடுக்காதவாறு தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் கருவியை, சேவை நிறுவனத்திடம் பதிவுசெய்துவிட்டு எவரும் பாவிக்கலாம் என்றாயிற்று. பிரித்தானியா 2018இல், வீட்டினுள் நிலையாகப் பொருத்தப்படும் பூஸ்டர்களைக் குறித்த தொழினுட்ப வரையறைகளுக்கு அமைய அனுமதிப்பத்திரத்திலிருந்து விலக்களித்தது. கருவி கெட்டதா நல்லதா எனப் பகுத்தறியும் வேலையை அந்நாடுகளில் அரசு ஏற்றுக்கொண்டது. அவ்வேலையை ஏற்காத இடத்திலே சட்டத்துக்கு அஞ்சுபவன் அலையின்றி வாழ்கிறான். அஞ்சாதவன் அயலானின் அலையைக் கெடுக்கிறான்.

ஆயினும், பூஸ்டரும் இரண்டாம் நிலையான தீர்வே. முதல் நிலைக் கேள்வி வேறு: சேவை சென்றடைந்துவிட்டது என்பதை எவ்வாறு அளக்கிறோம்? இவ்வளவு வீதச் சனத்தொகைக்குச் சேவை உண்டு என்னும் கணக்கு, பொதுவாக வெளியிலே திறந்த வெளியில் கிடைக்கும் அலையை வைத்தே போடப்படுகிறது. வரைபடத்தில் நிறம் தீட்டப்பட்ட ஒரு தோட்டத்தில் ஆயிரம் பேர் வாழ்ந்தால் ஆயிரம் பேரும் சேவை பெற்றோர் பட்டியலிற் சேர்ந்துவிடுவர். அவர்கள் உறங்குவது தகரத்தின் கீழ் என்பது அக்கணக்கில் எங்கும் வராது. மனிதர் மரத்தடியில் வாழ்வதாகக் கொண்டு போடப்படும் கணக்கு இது. அளவுகோலே பிழையெனின், அளந்து பெற்ற பெருமையும் பிழையே.

இப்பிழை வெறும் புள்ளிவிபரப் பிழையன்று. அதற்கு விலைகொடுப்போர் உளர். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் தொலைபேசிக்குள் புகுந்தபோது அவ்விலை நாடறிய வெளிப்பட்டது. பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ எனும் கிராமத்தில் ஓர் ஆசிரியையும் மாணவரும் மூன்று கிலோமீற்றருக்கு மேற் காட்டுவழியே நடந்து, பாறை உச்சியொன்றை அடைந்து பாடம் பெற்றதை 2021இல் உலகச் செய்தி நிறுவனங்கள் படம்பிடித்துக் காட்டின. லுணுகலைப் பகுதியிலே மரத்தின்மேற் கட்டிய குடிலில் பிள்ளைகள் கற்றனர். நாமும் அப்படங்களைக் கண்டு அப்பிள்ளைகளின் விடாமுயற்சியை வியந்தோம். வியந்ததில் ஒரு வசதி இருந்தது: வெட்கப்படவேண்டிய இடத்தில் வியந்துவிட்டால் கேள்வி கேட்கவேண்டியதில்லை அல்லவா?

கல்வி ஒருபுறமிருக்க, உயிரும் இதிலே தங்கியுள்ளது. 1990 எனும் இலக்கத்தை அழைத்தால் இலவசமாக அம்புலன்ஸ் வரும் சுவசெரிய சேவை 2016இல் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. போற்றத்தக்க சேவை. ஆனால் நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணின் வீட்டார் முதலில் அலையைத் தேடி மேட்டுக்கு ஓடவேண்டுமெனில், அம்புலன்ஸ் புறப்படுவதற்கு முன்னரே நேரம் போய்விடுகிறது. மண்சரிவும் அவ்வாறே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதையுண்டதை மறந்தவர் உளரோ? அங்கே அலை இல்லாமையால் உயிர்கள் போயின என நாம் கூறவில்லை. அப்பேரழிவுக்கு வேறு காரணங்கள் உள. ஆனால், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் மலையகச் சரிவுகளில் எத்தனையோ குடும்பங்களை விழுங்கிச் சென்றது. மண்சரிவு எச்சரிக்கை இக்காலத்தில் பெரும்பாலும் தொலைபேசி வழியே வருகிறது. அது எட்டவேண்டிய இடம், மழை இரவில் மனிதர் படுத்திருக்கும் அறை. யாருமற்ற முற்றத்துக்கு வந்து நிற்கும் எச்சரிக்கையால் ஆகப்போவது யாது?

"சனத்தொகை குறைந்த இடத்தில் கோபுரம் கட்டினால் நட்டம்" என்பது நிறுவனங்கள் வழக்கமாகக் கூறும் வாதம். தனித்தனி வியாபாரக் கணக்கில் இது உண்மையாகவும் இருக்கலாம். அதற்காகத்தானே அரசு என்றொன்று இருக்கிறது? 2011ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்பு வரி அறவிடப்படுகிறது. கொழுந்து பறிக்கும் பெண் தன் தொலைபேசிக்குப் போடும் காசிலும், கொழும்பில் மாடிவீட்டிலிருந்து பேசுபவரின் காசிலும் அவ்வரி ஒரே வீதத்திலேயே கழிகிறது. வரியிலே சமத்துவம் கண்டவர்கள் அலையிலும் அதனைக் காணட்டும். பிரித்தானியாவில் 2020 மார்ச்சில் அரசும் நான்கு நிறுவனங்களும் உடன்பட்டு, கோபுரங்களைப் பகிர்ந்தும் அரச நிதியைச் சேர்த்தும், நாட்டின் நிலப்பரப்பில் 95 வீதத்துக்கு நான்காம் தலைமுறைச் சேவையை ஏதேனும் ஒரு நிறுவனத்திடமிருந்தாயினும் கிடைக்கச் செய்வதென 2025ஐ எல்லையாக வைத்தன. அங்கே அளவுகோல் சனத்தொகையிலிருந்து நிலப்பரப்புக்கு மாறியது. இங்கே அது இன்னும் ஒருபடி மேலே சென்று வீட்டுக்குள் வரவேண்டும்.

ஆகவே எமது கோரிக்கைகள் தெளிவானவை. சேவைப் பரம்பலை வீட்டினுள்ளும், தகரக் கூரையின் கீழும் அளந்து, தோட்டந்தோட்டமாக, கிராமங்கிராமமாக வெளியிடவேண்டும். மலைப்பாங்கான இடங்களில் 900 மெகா ஹேர்ட்சும் அதற்குக் குறைந்ததுமான மீடிறன்களை முதன்மையாகப் பயன்படுத்தவேண்டும். 900இல் அலைநீளம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர், 1800இல் அதிற் பாதி. நீண்ட அலையே முகட்டை வளைந்து கடப்பதிலும் தொலைவை எட்டுவதிலும் சிறந்தது. ஒரே முகட்டில் ஒவ்வொரு நிறுவனமும் தனிக்கோபுரம் எழுப்புவதை விடுத்து, கோபுரமற்ற பள்ளத்தாக்குகளில் கூட்டாக எழுப்பவேண்டும். தரம் பரிசோதிக்கப்பட்ட பூஸ்டர்களுக்கு எளிய அனுமதி முறையொன்றைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வகுக்கவேண்டும். லயன்களுக்கு உரிய வீடும் காணியும் கிடைக்கும்வரை, அவற்றுக்கான பொதுக் கருவியின் செலவைத் தோட்ட முகாமையும் சேவை நிறுவனமும் ஏற்கவேண்டும்.

அதுவரை வீட்டார் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. கூரைக்கு மேலே தடியொன்றில் அன்ரனாவை நிறுத்தி, கோபுரத்தின் திசைக்குத் திருப்பி, அதனை வெளி அன்ரனா பூட்டும் வசதியுள்ள அங்கீகரிக்கப்பட்ட ரவுட்டரோடு கம்பியால் இணைத்தால், தகரத்தின் தடையைக் கம்பி தாண்டிவிடும். உள்ளே வைஃபை வழியாகத் தொலைபேசி இயங்கும். இது பூஸ்டர் அன்று. அலையைப் பெருக்கி வெளிவிடுவதும் இல்லை. கம்பி எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு இழப்பும் குறையும். ஒரு லயனுக்கு ஒன்று போதும். கூட்டாக வாங்கினால் சுமையும் குறையும்.

இறுதியாக, எம்மை நோக்கியும் ஒரு சொல். பொறியியற் பீடங்களில் அலைப் பரவலைக் கற்போர் எம்மிடையே உளர். அவர்களிற் பலர் அத்தகரக் கூரைகளின் கீழிருந்தே இங்கு வந்தவர்கள். சமன்பாடுகளைப் பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு, விடுமுறையில் வீடு சென்று யன்னற் கம்பியில் தொலைபேசியைத் தொங்கவிடும் முரண்பாடு எமக்கு உறுத்தவில்லையா? விடுமுறையொன்றில் பத்துத் தோட்டங்களுக்குச் சென்று, வாசலிலும் அறையினுள்ளும் அலையின் வலுவை அளந்து, அட்டவணைப்படுத்தி ஆணைக்குழுவின் முன் வைப்பது எம்மால் இயலாத காரியமன்று. அதற்கு வேண்டிய கருவி ஒவ்வொரு மாணவன் கையிலும் உள்ள தொலைபேசியே. கூரையைக் குறைகூறுவோருக்கு அந்த அட்டவணையே தக்க மறுமொழியாகும்.