வீட்டுக் கண்டிப்பும் பள்ளி மதிப்பெண்ணும்

மும்பை விக்ரோலியில், பார்க்சைட் குன்றுச் சரிவிலுள்ள சிறு வீடுகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்ந்து வருகின்றன. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடநூலில் ஆங்கிலமோ மராத்தியோ என்று பிள்ளைகள் வளர்கின்றனர். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைப் பெற்றோர் பலரால் படித்துப் பார்க்க இயலாது. மதிப்பெண் குறைந்தால் ஆசிரியர் வழக்கமாகக் கூறுவது, "பையனைக் கண்டித்து வையுங்கள்" என்பதே. இவ்வறிவுரை எத்துணைப் பயனுடையது என்பது ஆராயத்தக்கது.

பெற்றோரின் போக்கை அமெரிக்க மனவியல் அறிஞர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் மூவகையாகப் பகுத்தார். காரணம் கூறாது அடக்கி ஆள்வது ஒன்று; தடையின்றி விட்டுவிடுவது மற்றொன்று; விதியை உறுதியாக வகுத்து, அதன் காரணத்தை விளக்கி, பிள்ளையின் சொல்லுக்கும் செவிசாய்ப்பது மூன்றாவது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சான்போர்டு டார்ன்புஷும் அவர் குழுவினரும் சான் பிரான்சிஸ்கோ வட்டார உயர்நிலைப் பள்ளி மாணவர் 7,836 பேரைக் கொண்டு இவற்றை மதிப்பெண்களோடு ஒப்பிட்டு, 1987-இல் முடிவுகளை வெளியிட்டனர். மூன்றாம் வகைப் பெற்றோரின் பிள்ளைகளே மேம்பட்டு நின்றனர். அனைவரினும் பின்தங்கியவரோ, அடக்குமுறையைப் பிற முறைகளோடு முரண்படக் கலந்து கையாண்ட வீட்டுப் பிள்ளைகள் ஆவர். ஆசியக் குடும்பங்களில் கண்டிப்பு மிகுந்திருந்தும் பிள்ளைகள் நன்கு படித்தனர். ஆகவே அமெரிக்க அளவுகோலை அப்படியே இங்கு கொண்டுவருதல் பொருந்தாது. கண்டிப்பால் மதிப்பெண் குறைந்ததா, மதிப்பெண் குறைந்ததால் கண்டிப்பு மிகுந்ததா என்பதையும் இத்தகைய ஒப்பீடு மட்டும் தீர்க்காது.

எனினும் முரண்பாடு பற்றிய முடிவு தொழிலாளர் வீடுகளுக்கு நெருக்கமானது. இரவு ஷிப்டு முடிந்து வரும் தந்தை ஒரு நாள் அடிப்பார். பிறகு ஒரு வாரம் மகனைக் காணவே நேரமிராது. தாயார் அவருக்குத் தெரியாமல் பொறுத்துக்கொள்வார். விதி எது என்பதே பிள்ளைக்கு விளங்காது. இந்நிலையில் "கண்டியுங்கள்" என்ற சொல் மேலும் ஓர் அடியைத்தான் பெற்றுத் தரும். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துள்ளது. பள்ளி கீழே வைத்த பிரம்பை வீட்டாரிடம் கொடுத்தனுப்புவது முறையன்று.

எழுத்தறியாப் பெற்றோரால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணமும் தவறே. நாள்தோறும் இரவு ஒரு மணி நேரம் தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்து வைக்க எழுத்தறிவு வேண்டியதில்லை. அன்று வகுப்பில் விளங்காதது எது என்று மகளைக் கேட்கவும் வேண்டியதில்லை. ஒரே அறையில் ஐவர் வாழும் வீட்டில் அந்த ஒரு மணியும் எளிதன்று என்பதை ஆசிரியர் உணர்தல் நன்று. பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் முற்பகலில் வைத்தால் ஒருவரே வருவர். ஞாயிறு மாலையில் இருவரையும் ஒருங்கே அழைத்து, அந்த ஒரு மணி எது என்பதை அவர்களையே முடிவு செய்யச் சொல்லலாம். பிள்ளையும் உடனிருக்க வேண்டும்.