பயிற்றுவோர்க்கும் எட்டுக பயிற்சி

ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தல் இற்றைநாளில் பெரிதும் இணையவழிப்பட்டுவிட்டது. 2017-இல் நடுவணரசு தொடங்கிய 'தீக்சா' தளத்தில், 2020 அக்டோபர்த் திங்கள் முதல் 'நிட்டா' எனும் பயிற்சி நடத்தப்பட்டது. ஆங்கில முதலெழுத்துகளை வடசொல்லாகும்படி கோத்தமைத்த பெயர்கள் இவை. பலதிற மாணவரையும் அரவணைக்கும் வகுப்பறையைப் பற்றியதே அதன் முதற்பாடம். நன்று! ஆயின், அதனைப் பயிலும் ஆசிரியரும் பலதிறத்தினர் அல்லரோ?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பார்வையற்ற ஆசிரியர் பலர் பணிபுரிகின்றனர். கணினியும் கைப்பேசியும் அவர்க்கு எழுத்தை ஒலியாக்கிப் படித்துக்காட்டும். பாடத்தை வெறும் படமாக்கி ஏற்றினால் அக்கருவி வாய்மூடும். பழைய தனியெழுத்துருவில் அமைத்தால் உளறும். ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஒலி, அச்சு, மின்வடிவச் செய்திகள் யாவும் மாற்றுத்திறனாளர்க்கு எட்டும் வடிவில் இருத்தல் வேண்டுமென 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. ஆகலின் நாம் வேண்டுவது இரக்கமன்று, உரிமையே என்க.

மொழியும் ஒரு தடையே. ஆங்கிலத்தில் எண்ணி, ஆங்கிலத்தில் எழுதி, சொல்லுக்குச் சொல் பெயர்த்த பாடம் தமிழெழுத்தில் இருப்பினும் தமிழாகாது. ஒரு தொடரை மும்முறை படித்தும் பொருள் விளங்காவிடின், ஆசிரியர் சான்றிதழுக்காகப் பக்கத்தைத் தள்ளிச்செல்வார். பயிற்சி முடிந்ததாகக் கணக்கு மட்டும் ஏறும். வகுப்பறையில் ஒன்றும் மாறாது.

பயில்வோர் நிலையறிந்து கற்பிப்பது எங்ஙனம் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே சான்று. 1991-இல் இங்குத் தொடங்கிய அறிவொளி இயக்கம், கல்லுடைக்கும் பெண்டிரையும் உழவுத் தொழிலாளரையும் தேடிச்சென்றது. அவர்தம் ஓய்வுநேரமே பள்ளிநேரம். அவர்தம் வாழ்க்கையே பாடம். பெண்டிர் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். கற்போர் வாழ்வுக்கு ஏற்பக் கல்வி வளைந்ததேயன்றிக் கல்விக்கு ஏற்ப அவர் வளைக்கப்பட்டிலர்.

அந்நெறியே இணையப் பயிற்சிக்கும் வேண்டும். பாடங்கள் முதற்கண் தமிழிலேயே எழுதப்பெறுக. ஒவ்வொரு காட்சிக்கும் எழுத்துரையும் சைகைமொழியும் சேர்க. ஆவூர் போலுஞ் சிற்றூர்களில் அலைவரிசை தளருங்கால், முன்னரே இறக்கி வைத்துப் படிக்கத்தக்க சிறு கோப்புகளாக அவை அமைக. வீட்டுப்பணியும் சுமக்கும் ஆசிரியைக்குக் காலக்கெடு நெகிழ்க. இவற்றை வரைவிலேயே அமைத்தல் எளிது. பின்னர் ஒட்டுப்போடுதல் அரிது.

தான் புறக்கணிக்கப்பட்ட பயிற்சியினின்று, எவரையும் புறக்கணியாமையை ஓர் ஆசிரியர் எவ்வாறு கற்பார்? பாடம் வகுப்போர் இவ்வினாவிற்கு முதலில் விடையிறுக்க!