பழைய கம்ப்யூட்டரும் ரேஷன் அரிசியும்

நான் பிறந்த வெள்ளறடை, கேரளத்தின் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். அங்கே ரப்பர் பால் வெட்டியும் கூலி வேலைக்குப் போயும் பிழைக்கும் குடும்பங்களுக்கு ரேஷன் அரிசி பெரிய ஆதரவு.

2018-ல் கேரள ரேஷன் கடைகளுக்கு விரல் ரேகை பார்க்கும் இ-போஸ் இயந்திரம் வந்தது. கள்ளக் கணக்கைத் தடுக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாம் விரலை வைத்ததும், எங்கோ தொலைவில் உள்ள சர்வர்கள் சரிபார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நடுவில் ஒன்று படுத்துக்கொண்டாலும் அரிசி இல்லை. சர்வர் சுமை தாங்காததால், ஏழு மாவட்டங்களுக்குக் காலையிலும் ஏழு மாவட்டங்களுக்கு மாலையிலும் என நேரத்தையே பங்கிட்டார்கள். 2023 ஏப்ரல் இறுதியில் கோளாறைச் சரிசெய்யக் கடைகளையே மூடினார்கள். 2024 மார்ச்சில் அட்டைதாரர்களின் விரல் ரேகைப் பதிவும் இதே காரணத்தால் நின்றது. கடைக்கும் வீட்டுக்கும் நடந்தவருக்கு அந்த நாட்களின் கூலியை யார் தருவார்?

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 2020-ல் கொரோனாவால் வேலையிழந்தோர் உதவித்தொகைக்குக் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநில ஆளுநர், பழைய கோபால் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கேட்க நேர்ந்தது.

"பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கலாமே" என்பார்கள் சிலர். கனடா அரசு அதைத்தான் செய்தது. சுமார் நாற்பது ஆண்டுப் பழைய சம்பள முறையை நீக்கி, 2016-ல் 'ஃபீனிக்ஸ்' என்ற புதியதைப் புகுத்தியது. பல்லாயிரம் ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும் வராமலும் போயிற்று. பழைய முறையை அறிந்த சம்பளப் பிரிவு ஊழியர்களை முன்கூட்டியே குறைத்துவிட்டதும் அதற்கொரு காரணம்.

நானும் இதே தொழிலில் இருப்பவன். கம்ப்யூட்டருக்கு வயதாவதைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். அது நின்றுபோகும் நாளுக்கு மாற்று வழி வைக்காததே குற்றம். சர்வர் நின்றால், அட்டையைப் பார்த்து நோட்டில் கையொப்பம் வாங்கி அரிசியைக் கொடுக்கட்டும். கணக்கைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். புதிய முறை வந்தால், அது நிலைக்கும் வரை பழையதும் கூடவே ஓடட்டும்.

நம் சங்கத்தில் பலர் 2000-ஆம் ஆண்டுக் கோளாறைச் சரிசெய்யும் வேலையால் வெளியூரில் வேரூன்றியவர்கள். பழைய நிரல்களின் அருமையும் அவை தரும் தொல்லையும் நமக்குத் தெரியும். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பஞ்சாயத்து உறுப்பினரிடமும் எம்.எல்.ஏ.யிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இயந்திரம் நின்றால் இங்கே அரிசி கிடைக்குமா?"